பெண் சிறைவாசிகளும் உயர்பாதுகாப்புக் கொட்டடியும்: வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை, தமிழ்நாடு.
நகல்: உள்துறைச் செயலாளர் அவர்கள், இயக்குநர் அவர்கள், ஆப்கா (சிறை அலுவலர் பயிற்சி நிறுவனம்), வேலூர்.

மதிப்பிற்குரியீர்,

நான் வேலூர் தொரப்பாடியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மத்திய சிறையும் பெண்கள் தனிச்சிறையும் எங்கள் பகுதியில் இருப்பதால், பாகாயம் செல்லும் டவுன் பஸ்ஸில் 'மனு' பார்க்க, அதாவது சிறைவாசிகளைச் சந்திக்க, வருகிறவர்களைப் பையை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. வெளியூரில் பிள்ளைகளை மிரட்டுவதற்கு "வேலூர் ஜெயிலில் களி தின்ன வேண்டியதுதான்" என்பார்கள். கேழ்வரகுக் களியை அன்றாடச் சாப்பாடாகக் கொண்ட வட ஆர்க்காட்டில் அந்த மிரட்டல் அவ்வளவாக எடுபடுவதில்லை. சிறை என்பது எங்களுக்குக் கதையில் வரும் இடமாக இல்லாமல், காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போகும் வழியில் உள்ள ஒரு மதிற்சுவராக இருப்பதால், அதைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று கருதியே இம்மடலை எழுதுகிறேன். எந்த ஒரு சிறையின் மீதும் எந்த ஓர் அலுவலர் மீதும் புகார் சொல்வது என் நோக்கமன்று.

1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்குப் பதிலாக மாநிலங்கள் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டம் ஒன்றை ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2023இல் வகுத்து அனுப்பியது. உயர்பாதுகாப்புச் சிறைகள் குறித்தும் அதில் பேசப்படுகிறது. பெண்களுக்கான தனி ஏற்பாடு குறித்தும் பேசப்படுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது உயர்பாதுகாப்பு தேவை என்று முடிவு செய்யப்பட்ட ஒரு பெண்ணை எங்கே, யாரோடு, எவ்வளவு காலம் வைப்பது என்ற இடத்தில், விதி தெளிவாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உயர்பாதுகாப்பு என்ற எண்ணமே ஆண் சிறைவாசிகளை மனத்தில் வைத்து உருவானது. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைக்குள் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிய செய்தி வந்த நாளில் ஊர் எப்படி இருந்தது என்பது என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அகழியை ஒட்டி நடைபோகிறவர்களைக் கூட நிறுத்தி விசாரித்தார்கள். அதுபோன்ற நிகழ்ச்சிகளுக்குப் பிறகு இரட்டைச் சுவர், தனித்தனி செல், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அமைப்பு, நாளில் பெரும்பகுதி பூட்டு என்று பாதுகாப்பு கடுமையாவது இயல்புதான். கும்பலாகச் சேர்ந்து திட்டமிடுபவர்களைப் பிரித்து வைப்பதே அந்த அமைப்பின் நோக்கம். பெண்கள் சிறையில் அத்தகைய கும்பல் எங்கே இருக்கிறது?

எண்ணிக்கையைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் பெண்கள் 23,772 பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர். தமிழ்நாட்டில் வேலூர், புழல், திருச்சி, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் பெண்களுக்கென்று தனிச்சிறைகள் உள்ளன. அந்த நான்கு விழுக்காட்டிலும் உயர்பாதுகாப்பு தேவை என்று குறிக்கப்படுபவர்கள் ஒரு சிறைக்கு ஒருவரோ இருவரோதான் இருக்க முடியும். ஆண்கள் பிரிவில் முப்பது பேருக்கு என்று வகுக்கப்பட்ட விதியை அப்படியே கொண்டுவந்து ஒருத்தி மீது வைத்தால் அவர் தனிமைச் சிறையில் இருப்பதாகவே பொருள். ஆண்கள் தொகுதியில் பக்கத்துச் செல்காரர் கம்பிவழியே குரல் கொடுப்பார். முற்றத்தில் நடக்கவிடும் ஒரு மணி நேரத்தில் இன்னும் நான்கு பேர் நடப்பார்கள். இவருக்குப் பக்கத்துச் செல் காலி, முற்றமும் காலி. இப்படி நேரவேண்டும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். எண்ணிக்கை குறைவு என்ற ஒன்றே இதைச் செய்துவிடுகிறது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெண்கள் சிறை ஒன்றில் வாரம் இருமுறை எழுத்தறிவு வகுப்பு எடுத்தேன். ஊரைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறேன். வேப்பமரத்தடியில் பதினெட்டுப் பேர் உட்கார்வார்கள். பத்தொன்பதாவது பெண்மணி மட்டும் வரமாட்டார். நீதிமன்றத்திலிருந்து திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் எஸ்கார்ட் காவலரின் பிடியை உதறிவிட்டு ஓடியவர் என்பதால் அவரைத் தனிச் செல்லில் வைத்திருந்தார்கள். ஓடியது எதிர்ப் பிளாட்பாரத்தில் பாட்டியோடு நின்றிருந்த தன் ஆறு வயது மகனை நோக்கித்தான் என்பதை அங்கிருந்த பெண் வார்டரே எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா ரெக்கார்டுல 'எஸ்கேப் அட்டெம்ட்'னு ஏறிடுச்சு டீச்சர், நாங்க என்ன பண்றது" என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. பதிவேட்டில் ஏறிய சொல்லை இறக்கும் வழி எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் அந்தச் செல் வாசலில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. சிலேட்டைக் கம்பிக்குள் கொடுக்க வேண்டுமானால் செங்குத்தாகத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும், படுக்கைவாட்டில் நுழையாது. முதன்முதலில் எழுதப் பழகுகிறவரின் கையைப் பிடித்து எழுதவைத்தால்தான் 'ழ'வின் சுழிப்பு வரும். கம்பிக்கு வெளியிலிருந்து பிடித்தால் மணிக்கட்டு வரைதான் எட்டும். சித்திரை மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கம்பியில் கை வைக்க முடியாது. அவர் சேலைத் தலைப்பை நனைத்துக் கம்பியில் சுற்றிவைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொள்வார். முதல் மாதம் நிறையப் பேசினார். மகன் படிக்கும் பள்ளிக்கூடம், மாமியார் வீட்டுக் கறவைமாடு, எல்லாம் பேசினார். மூன்றாம் மாதம் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. ஐந்தாம் மாதம், நான் போகும்போதெல்லாம் "டீச்சர், இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். நான் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும்தான் போவேன் என்பது அவருக்குத் தெரியும். ஏழாம் மாதம் அவரை வேறு சிறைக்கு மாற்றினார்கள். சிலேட்டு என்னிடம் திரும்பி வந்தது. அத்தனை மாதமும் அவர் யாரையும் தாக்கவில்லை, எங்கும் ஓட முயலவில்லை. அவருடைய வகைப்பாட்டை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவும் இல்லை.

நம் நாட்டில் தனிமைச் சிறை என்பது ஒரு தண்டனை. அதை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உரியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளும் இப்போது நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12 பிரிவுகளும் அதற்கு எல்லை வகுத்திருக்கின்றன: கடுங்காவல் தண்டனை பெற்றவருக்குக் கூட மொத்தத்தில் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே தொடர்ச்சியில் பதினான்கு நாளைத் தாண்டக் கூடாது. கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்கு நீதிபதி தம் கைப்பட எழுதினாலும் பதினான்கு நாள்தான் என்றிருக்க, குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதி ஒருவர் 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் ஏழு மாதம் தனியே இருக்க நேர்வதை எந்தக் கணக்கில் வைப்பது? 1978இல் சுனில் பத்ரா வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்டவரைக் கூடச் சிறைச் சட்டத்தின் 30ஆம் பிரிவைக் காட்டித் தனிமைச் சிறையில் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர், பிற்காலத்தில் பெண் கைதிகள் குறித்த தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கி 1987இல் அறிக்கை அளித்தார். அதே சுனில் பத்ரா சிறையிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பையும் வழங்கியது. மடல்களுக்கு இந்தத் துறையில் கொஞ்சம் மரியாதை உண்டு என்ற துணிச்சல் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

பெண் சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் எழுபது. அவற்றில் 41ஆம் விதியைத் தங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கலாம் என்பேன். பெண் சிறைவாசிகளால் பிறருக்கு ஏற்படும் ஆபத்து பொதுவாகக் குறைவு என்பதையும், உயர்பாதுகாப்பு நடவடிக்கைகளும் கூடுதல் தனிமையும் பெண்களுக்குக் குறிப்பாகத் தீங்கு செய்கின்றன என்பதையும் மனத்தில் கொண்டே அவர்களை வகைப்படுத்த வேண்டும் என்கிறது அது. கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரைத் தண்டனையாகக் கூடத் தனியே அடைக்கக் கூடாது என்கிறது 22ஆம் விதி. நம் 1894ஆம் ஆண்டுச் சட்டமே, அடிமைநாட்டுச் சட்டம் என்று நாம் திட்டும் அச்சட்டமே, பெண்களுக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் இடக்கூடாது என்று 46ஆம் பிரிவில் விலக்கு அளித்திருந்தது. பெண்ணின் உடல் வேறு, அதற்கான விதியும் வேறாக இருக்க வேண்டும் என்ற அளவுக்கேனும் அன்றைய வெள்ளைக்காரருக்குப் புரிந்திருந்தது.

வேலூர்ச் சிறையின் பழைய வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1930களில் விடுதலைப் போராட்டத்தில் கைதாகி இங்கே அடைக்கப்பட்ட கடலூர் அஞ்சலையம்மாள் கர்ப்பிணியாக இருந்தார். பிரசவத்துக்காக அவரை வெளியே விட்டார்கள். பிள்ளை பெற்றபின் அந்தக் கைக்குழந்தையோடு அவர் மறுபடியும் இதே வேலூர்ச் சிறைக்கு வந்து மீதித் தண்டனையை அனுபவித்தார். அரசின் கண்ணில் அவர் ஆபத்தானவர்தான். இருந்தாலும் அவர் திரும்பி வருவார் என்று நம்பி வெளியே விட அந்த அரசுக்கு முடிந்தது.

நம் காலத்துக்கு வந்தால், நாடறிந்த வழக்கு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட நளினி அவர்களுடையது. 1998 ஜனவரியில் பூவிருந்தவல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதி செய்தது. 2000இல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்ற ஆணையால் அவர் வேலூரில் விடுதலையானார். அவ்வழக்கின் சரி தவறுகளைப் பற்றி எங்கள் தெருவிலேயே மூன்று கருத்துகள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. 2019இல் அவர் பரோலில் வந்து சத்துவாச்சாரியில் தங்கியிருந்தபோது ஊருக்கு எந்தக் கேடும் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். தூக்குக் கைதியாகத் தொடங்கி, ஆயுள் கைதியாகி, பரோலில் சென்று ஒழுங்காகத் திரும்பி வரும் அளவுக்கு ஒருவருடைய நிலை மாறுகிறது என்றால், அவரைக் குறித்த பாதுகாப்பு மதிப்பீடும் அந்தந்தக் கட்டத்தில் மாற வேண்டுமல்லவா?

மாறாமல் போவதற்கு ஒரு காரணம், பெண்களுக்கென்று இடைநிலை இடமே இல்லாமை. பொதுக் கொட்டடியில் முப்பது பேரோடு இருக்க வேண்டும், இல்லையேல் தனிச் செல்லில் ஒற்றை ஆளாக இருக்க வேண்டும், நடுவில் ஒன்றுமில்லை. புனே எரவாடா சிறையில் தொழிற்சங்க வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் விசாரணைக் கைதியாக இருந்தபோது அவரைத் தூக்குக் கைதிகளுக்கான முற்றத்தில்தான் வைத்திருந்தார்கள். தண்டனை பெறாதவர் ஒருவர் தூக்குக் கொட்டடியில் இருப்பது, பெண்கள் பிரிவில் 'பாதுகாப்பான இடம்' என்றால் அது ஒன்றே என்பதைத்தான் காட்டுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் 'பாதுகாப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இவரிடமிருந்து மற்றவர்களைக் காப்பது ஒரு பாதுகாப்பு. மற்றவர்களிடமிருந்து இவரைக் காப்பது இன்னொரு பாதுகாப்பு. இவரிடமிருந்தே இவரைக் காப்பது மூன்றாவது. குழந்தையைக் கொன்ற வழக்கில் வருகிற பெண்ணைப் பொதுக் கொட்டடியில் விட்டால் மற்றப் பெண்கள் அடிப்பார்கள் என்பது உண்மை. நானே அந்தக் கோபத்தைக் கண்டிருக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று அஞ்ச வைக்கும் பெண்ணைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மூன்று பேருக்கும் மருந்து ஒன்றுதானா? தப்பி ஓடுவார் என்று கருதப்படுபவர், அடிவாங்குவார் என்று கருதப்படுபவர், மனம் நொறுங்கிப் போனவர் ஆகிய மூவரையும் அதே தனிச் செல்லுக்கு அனுப்பினால், மூன்றாமவருக்கு அது நோயை வளர்க்கும் மருந்து. அவருக்கு வேண்டியது இரவில் பக்கத்தில் படுத்துப் பேச்சுக் கொடுக்க ஓர் ஆள்.

பிறநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் டர்ஹாம் சிறையில் ஆண்களுக்கென உருவான உயர்பாதுகாப்புப் பிரிவில் 1970களிலிருந்து பெண்களை வைத்தார்கள். பலத்த கண்டனங்களுக்குப் பிறகு 2005இல்தான் பெண்கள் அங்கிருந்து முழுமையாக மாற்றப்பட்டனர். அங்கே அடைபட்டிருந்தவர்களில் ஜூடித் வார்டும் ஒருவர். 12 பேர் இறந்த 1974ஆம் ஆண்டுப் பேருந்துக் குண்டுவெடிப்புக்காகத் தண்டிக்கப்பட்டவர். அவர் மீதான தீர்ப்பே தவறு என்று 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. நாட்டிலேயே மிக ஆபத்தான பெண்களில் ஒருவர் என்று எண்ணி அடைத்து வைக்கப்பட்டவர் பதினேழு பதினெட்டு ஆண்டுகளாகக் குற்றமே செய்யாதவராக இருந்திருக்கிறார்.

மறுபக்கமும் எனக்குத் தெரியாமலில்லை. இரவு லாக்-அப் ஆனபின் பெண் காவலர்கள் சிலரே பணியில் இருக்கும்போது, சண்டைக்காரப் பெண் ஒருவரைத் திறந்த கொட்டடியில் வைத்திருப்பது எவ்வளவு கவலை என்பதை வார்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே கட்டுக்காவல் தேவைப்படும் பெண்களும் உண்டு. போதைப்பொருள் கடத்தலில் பெரும்பணத்தின் பின்புலத்தோடு வருகிறவரை வேப்பமரத்தடி வகுப்பில் உட்காரவைத்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. எனவே உயர்பாதுகாப்பையே எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. மதிற்சுவருக்கும் வாயிலுக்கும் எவ்வளவு காவல் வேண்டுமோ அவ்வளவு போடுங்கள். அந்தச் சுவருக்குள் அந்தப் பெண் மனிதரோடு பழகும் நேரத்தைக் குறைக்காதீர்கள். பகலில் செல் திறந்திருக்கட்டும். சமையலோ தையலோ, குறைந்தது இன்னும் இருவரோடு சேர்ந்து வேலை செய்யட்டும். சாப்பாட்டைக் கம்பிவழியே தள்ளாமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவிடுங்கள். மொழி தெரிந்த, நம்பத்தகுந்த ஒரு தண்டனைச் சிறைவாசி துணையாக இருக்க முன்வந்தால் அதற்கு விதியில் இடம் கொடுங்கள். குளியலறைப் பக்கம் கேமராவின் கண் திரும்பாதிருக்கட்டும். கர்ப்பிணியையோ குழந்தையோடு இருப்பவரையோ இந்த வகைப்பாட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாயோடு ஆறு வயது வரை குழந்தை இருக்கலாம் என்று சொன்னபோது, குழந்தைக்கு அங்கே விளையாட்டும் படிப்பும் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. உயர்பாதுகாப்புக் கொட்டடியில் பிள்ளை யாரோடு விளையாடும்?

தூரத்தையும் மறந்துவிட வேண்டாம். உயர்பாதுகாப்பு வசதி மாநிலத்தில் ஒன்றிரண்டு ஊர்களில் மட்டும் இருக்குமானால், அந்தப் பெண்ணின் வீட்டார் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். ஆண் கைதிக்கு மனைவியும் தாயும் கடன் வாங்கியாவது மனு பார்க்க வருகிறார்கள்; பெண் கைதிக்குக் கணவன் வருவது அரிது என்பதைத் தொரப்பாடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தாலே தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து வேலூருக்கு வந்து போகவே ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். மகளைப் புழலுக்கோ திருச்சிக்கோ மாற்றிவிட்டால் அவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் பெரிது.

இதற்கெல்லாம் தொடக்கமாக ஒன்று செய்யலாம். தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஆப்கா 1979 முதல் வேலூரிலேயே இயங்குகிறது. பெண் சிறைவாசிகளுக்கென்று தனியான ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை, ஆண்களுக்கான படிவத்தில் 'அவன்' என்பதை 'அவள்' என்று மாற்றி எழுதாமல், அங்கே புதிதாக வகுக்கச் செய்யுங்கள். குழந்தைகள் யாரிடம் இருக்கிறார்கள், வீட்டில் அடி உதை பட்டவரா, மனநலச் சிகிச்சையில் இருந்தவரா, தப்பிக்க முயன்றார் என்று பதிவாகியிருந்தால் எங்கே எதற்காக ஓடினார் ஆகிய கேள்விகள் அதில் இருக்க வேண்டும். பாதுகாப்பு வகையை உயர்த்தும் ஆணையில் காரணம் எழுதப்பட வேண்டும். அந்த ஆணை மூன்று மாதத்தில் தானாகக் காலாவதியாக வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் கண்காணிப்பாளரோடு மருத்துவ அலுவலரும் நலஅலுவலரும் சிறைக்கு வெளியிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து, அந்தப் பெண்ணையும் எதிரில் அமரவைத்துப் பேசி, புதிதாக ஆணை எழுத வேண்டும். மறுத்து மேல்முறையீடு செய்ய மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரை அவர் சந்திக்க வழி இருக்க வேண்டும்.

அந்த ஆணையின் நகல் அவர் கையில் தமிழில் தரப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை ஒருவர் செல்லுக்குள் சென்று, பக்கத்தில் உட்கார்ந்து, வரிவரியாக வாசித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லையென்றால் செவ்வாயும் வெள்ளியும் நான் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தொரப்பாடி, வேலூர்.